பத்துச் சுற்று பிறந்த கதை

சேற்றில் அச்சுவரை புதைந்த ஜீப்பை வின்ச் வெளியே இழுக்கிறது. கயிற்றின் ஒரு நுனி மரத்தில், மறுநுனி பம்பருக்குப் பின்னால் உள்ள டிரம்மில். இழுப்பு 4,000 கிலோவை எட்டலாம். கயிறு முழுவதையும் அவிழ்த்துவிட்டு அந்த டிரம்மைப் பார்த்தால், நுனியைப் பிடித்திருப்பது ஒரு சின்ன போல்ட். அவ்வளவு பாரத்தையும் இதுவா தாங்குகிறது என்று யாருக்கும் பயம் வரும். பாரத்தைத் தாங்குவது டிரம்மின் மேல் எப்போதும் மிச்சம் விட்டுவைக்கும் சுற்றுகள். எஃகு வடத்துக்கு ஐந்து சுற்று போதும் என்பார்கள். செயற்கைக் கயிற்றுக்குப் பத்து வேண்டும். ஐந்து பத்தான கதைக்கு ஒரு நிலக்கரி ஊருக்குப் போக வேண்டும்.

நெதர்லாந்தின் தென்கோடியில் ஹீர்லன். 1965 டிசம்பரில் அந்த ஊர் அரங்கத்தில், சுரங்கங்களை மூடப்போகிறோம் என்று பொருளாதார அமைச்சர் அறிவித்தார். 1974 முடிவதற்குள் கடைசிச் சுரங்கமும் மூடிவிட்டது. அரசுச் சுரங்க நிறுவனமாகத் தொடங்கிய டிஎஸ்எம், ஏற்கெனவே கால் வைத்திருந்த ரசாயனத் தொழிலில் முழுமூச்சாக இறங்கியது. அதன் ஆய்வுக்கூடத்தில் பால் ஸ்மித்தும் பீட் லெம்ஸ்ட்ராவும் எடுத்துக்கொண்ட பொருள் பாலித்தீன். மளிகைக்கடைப் பைக்கும் இதற்கும் ஒரே வேதியியல்தான். மூலக்கூறுச் சங்கிலிதான் பல மடங்கு நீளம். நீளமான சங்கிலி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், இழுத்தால் நேராக வராது. அதை டெக்கலின் என்ற கரைப்பானில் நீர்க்கக் கரைத்தார்கள். சிக்கல் பெரும்பாலும் அவிழ்ந்தது. இடியாப்பம் பிழிவதுபோல் சிறு துளைகள் வழியே பிழிந்து, குளிரவைத்துக் கூழாக்கி, பிறகு சூட்டில் முப்பது மடங்குக்கும் மேல் இழுத்தார்கள். சங்கிலிகள் ஒரே திசையில் நேராக நின்றன. காப்புரிமை 1979இல். டைனீமா என்ற பெயரில் 1990இல் அதே ஹீர்லனில் வணிக உற்பத்தி தொடங்கியது. கரி வெட்டிய ஊர் எஃகை மிஞ்சும் நூல் நூற்றது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மனம் நெகிழ்கிறது.

இந்த நூலில் பின்னிய கயிறு வின்ச்சுக்கு வந்தபோது கிடைத்த நிம்மதி பெரிது. ஒன்பதரை மில்லிமீட்டர் எஃகு வடம் 30 மீட்டருக்கு 11 கிலோவுக்கு மேல் கனக்கும்; அதே பருமனில் செயற்கைக் கயிறு இரண்டு கிலோகூட இல்லை, தண்ணீரில் மிதக்கும். எஃகு அறுந்தால் சாட்டைபோல் வீசி ஆளையே வெட்டும். இந்தக் கயிறு அறுந்தாலும் ஆபத்துதான், ஆனால் எடை குறைவு என்பதால் வீச்சு மிகவும் குறைவு. கையில் ஏறும் கம்பிச் சிலும்பும் இல்லை.

எஃகு வடத்தைக் கழற்றிவிட்டு, அதன் நுனியை டிரம்மில் பிடித்திருந்த அதே துளையில், அதே ஸ்க்ரூவில் இதைச் செருகினார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. பாலித்தீன் வழுவழுப்பானது. நூலைச் சங்கிலி சங்கிலியாக நேராக்கிய வேலை அதன் வழுக்கலை மாற்றவில்லை. ஸ்க்ரூவை இறுக்கினால் இழை நசுங்கும், தளர்த்தினால் நுனி உருவிக்கொண்டு வரும். சில நேரம் நுனி அப்படியே இருக்க, மொத்தச் சுருளும் டிரம்மின் மேல் வழுக்கிக்கொண்டு சுற்றும். மோட்டார் ஓடும், வண்டி அசையாது.

சுற்றுகள் பாரத்தை எப்படித் தாங்குகின்றன? படகைத் துறையில் கட்டுகிறவர் குற்றியில் கயிற்றை மூன்று சுற்று சுற்றிவிட்டு நுனியை ஒரு கையால் பிடித்து நிற்பார். ஒவ்வொரு சுற்றும் உராய்வால் பாரத்தைத் தின்றுவிடுகிறது. இதற்குக் கணித மேதை ஆய்லர் கண்ட சமன்பாடு உண்டு. அதில் எஃகின் உராய்வை 0.15 என்று வைத்தால், ஐந்து சுற்றுக்குப் பிறகு 4,000 கிலோவில் போல்ட்டுக்கு மிஞ்சுவது 36 கிலோ. செயற்கைக் கயிற்றுக்கு 0.06 என்று வைத்தால், அதே ஐந்து சுற்றுக்குப் பிறகு 600 கிலோ! பத்துச் சுற்றாக்கினால் அது 92 கிலோவாக இறங்குகிறது. பத்து என்ற எண்ணுக்குப் பின்னால் இந்தக் கணக்குதான் நிற்கிறது.

நுனிக்கும் வழி பிறந்தது. கயிற்று முனையில் ஓட்டையுள்ள உலோக லக்கை அழுத்திப் பொருத்தி, அதை டிரம்மில் போல்ட் போட்டார்கள். இழை நசுங்குவது நின்றது. முதல் சுற்று வழுக்காமல் பிடிக்க, கயிற்றையும் டிரம்மையும் சேர்த்துச் சாதாரண இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுகிறவர்கள் உண்டு. பிறகு வண்டியையே பாரமாக வைத்து, கைப்பிரேக்கைக் கொஞ்சம் பிடித்தபடி, கயிற்றை இறுக்கமாக அடுக்க வேண்டும். தளர அடுக்கினால் மேல் சுற்று கீழ்ச் சுற்றுகளுக்கு நடுவே புதைந்துவிடும்.

சூடு இன்னொரு எதிரி. பல வின்ச்சுகளில் பிரேக் டிரம்முக்கு உள்ளேயே இருக்கிறது. பாரத்தோடு கயிற்றை வெளியே விடும்போது பிரேக் தேய்ந்து டிரம் கொதிக்கும். எஃகுக்கு அது பொருட்டே இல்லை. இந்த இழையோ 150 டிகிரிக்கு முன்பே உருகிவிடும், 70 டிகிரி தாண்டினாலே பலம் குறையத் தொடங்கும். அடிபடுவதும் டிரம்மை ஒட்டிக் கிடக்கும் அதே பத்துச் சுற்றுதான். அதனால் அந்த அடிப்பகுதிக்கு மட்டும் சூடு தாங்கும் உறை போட்டு விற்கிறார்கள்.

64 மில்லிமீட்டர் டிரம்மில் பத்துச் சுற்று என்றால் ஏறக்குறைய 2.3 மீட்டர். அனுபவசாலிகள் அந்த நீளத்தை அளந்து, கயிற்றில் சிவப்புச் சாயம் பூசிவைப்பார்கள். சேற்றில் நின்று கயிறு விடுகிறவர் சிவப்பு தலைகாட்டியதும் கையை உயர்த்துவார். அதற்குமேல் ஒரு முழம்கூட விடமாட்டார்கள்.