குட்டி யார் வீட்டுக்குப் போகிறது?

சிப்பிப்பாறை நாய்க்குட்டியைக் காசு கொடுத்து வாங்குவது ஒரு காலத்தில் சுலபமில்லை. தென் மாவட்டத்துக் கரிசல் கிராமங்களில் அது உறவுக்காரருக்கும் நெருங்கிய சிநேகிதருக்கும்தான் போனது. கன்னி என்ற இன்னொரு நாட்டு இனத்தைக் கல்யாணச் சீராகக் கொடுத்தார்கள் என்றும் சொல்வார்கள். எந்தப் பெட்டையை எந்தக் கடுவனோடு சேர்ப்பது, பிறந்த குட்டி எந்த வீட்டுக்குப் போவது என்பதெல்லாம் வளர்த்தவர் எடுத்த முடிவு. கொடுத்த குட்டி எப்படி இருக்கிறது என்பது அடுத்த திருவிழாவிலோ கல்யாணத்திலோ தெரிந்துவிடும். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, இந்த நாய்கள் துரத்திப் பிடித்த முயலின் வேட்டைக்குக் கட்டுப்பாடு வந்தது. அதோடு இந்த நாய்களுக்கு வேலையும் போனது.

சென்னைக்கும் அதன் தெற்குப் புறநகருக்கும் நாய் வேறு வழியில் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கொண்டுவந்த ஜெர்மன் ஸ்பிட்ஸின் வழிவந்ததுதான் நம் வீடுகளில் ‘பொமரேனியன்’ என்று பெயர் வாங்கிய வெள்ளை நாய். உண்மையில் அது இந்தியன் ஸ்பிட்ஸ். வெளிநாட்டு நாயை இறக்குமதி செய்வது எளிதாக இல்லாத 1980-களிலும் 90-களிலும் சிறிய வீட்டுக்குப் பொருந்திய ஜாதி நாய் அதுதான். வீட்டுப் பெட்டையை யாரோ ஒருவருடைய கடுவனோடு ‘கிராஸ்’ போட்டு, குட்டிகளைத் தெரிந்தவர்களுக்கு விற்றார்கள். கடுவன்காரருக்குக் கூலி ஒரு குட்டி. மாட்டுச் சந்தையாகத் தொடங்கிய பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் கூடையில் குட்டிகள் வந்து உட்கார்ந்தன. சந்தையில் வாங்கியவர் யார், எங்கே இருக்கிறார் என்பது விற்றவருக்குத் தெரியாது. கரிசல் கிராமத்தில் இருந்த கண்காணிப்பு அறுந்தது இங்கேதான்.

தாய்ப்பால் மறப்பதற்குள் பிரிக்கப்பட்ட குட்டிகளுக்கு ஒரு எமனும் காத்திருந்தான். 1978 வாக்கில் உலகின் பல நாடுகளில் தலைகாட்டிய பார்வோ வைரஸை 1982-ல் மதராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இங்கே பதிவு செய்தார்கள். வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொண்டுபோகும் நோய் அது. கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு ஈற்று செத்த இடத்தில் அடுத்த ஈற்றையும் பலிகொடுத்த வீடுகள் உண்டு.

2003-ல் ஹட்ச் செல்பேசி நிறுவனத்தின் விளம்பரம் வந்தது. சிறுவன் போகும் இடமெல்லாம் பின்னால் போன பக் நாயை ஊரே ‘ஹட்ச் நாய்’ என்றது. கேட்பவர் கூடியதும் விலை ஏறியது, விலை ஏறியதும் பெட்டைகளுக்கு ஓய்வில்லாமல் போனது. சப்பை மூக்கு, ஒடுங்கிய நாசித் துவாரம். நாய் தன் உடல் சூட்டைத் தணிப்பதோ மூச்சிரைத்து. சென்னையின் மே மாதத்தில் பக் படும் பாட்டை நேரில் பார்த்தவர்கள் அந்த முகத்தை அழகென்று சொல்லத் தயங்குவார்கள். குட்டியின் பெரிய தலையால் பிரசவம் அறுவைச் சிகிச்சையில் முடிவதும் இந்த இனத்தில் சகஜம்.

அரசும் இந்தத் தொழிலில் கைவைத்துப் பார்த்தது. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை இனங்களைக் காப்பாற்ற 1980–81-ல் கால்நடைப் பராமரிப்புத் துறை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவைத் தொடங்கியது. நோக்கம் நல்லது. ஆனால் பராமரிப்பு பற்றிய புகார்கள் நீதிமன்றம் வரை போய், 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மூடச் சொன்னது. அடுத்த ஆண்டே ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தேசிய அளவில் பதிவு பெற்ற நாயினங்களாயின. இனத்துக்கு அங்கீகாரம் கிடைப்பதும் ஒவ்வொரு நாயும் நல்லபடி வளர்க்கப்படுவதும் வேறு வேறு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா கொடுக்கும் ‘பேப்பர்’ விஷயமும் அப்படித்தான்: அது வம்சாவளியைச் சொல்லும், நாயின் உடல்நலத்துக்கு உத்தரவாதம் தராது.

சட்டம் 2017-ல் வந்தது. மத்திய அரசின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் யாரும் குட்டி விற்கக் கூடாது. பதினெட்டு மாதம் நிறையாத பெட்டையை இணைசேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு ஈற்று, வாழ்நாளில் ஐந்து. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. யாருக்கு விற்றோம் என்ற கணக்கும் வேண்டும். அறுந்துபோன அந்தப் பழைய கண்காணிப்பை ஏட்டில் எழுதி மீட்கப் பார்க்கும் முயற்சி இது. 2024-ல் தமிழக அரசு கொண்டுவந்த கொள்கை பக், சைபீரியன் ஹஸ்கி போன்ற இனங்களைப் பெருக்கத் தடை சொன்னபோது வளர்ப்போர் கொதித்தார்கள். பக்கைப் பொறுத்தவரை அரசின் பக்கம்தான் நியாயம்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பைப் பக்கம் கொஞ்சம் நிலம் பிடித்து, இரண்டு பெட்டைகளோடு நாய் வளர்ப்பைத் தொழிலாகத் தொடங்க நினைப்பவர் முதலில் போட வேண்டியது தூரக் கணக்கு. நள்ளிரவில் பிரசவத்தில் குட்டி குறுக்கே சிக்கினால் சென்னை வேப்பேரியின் கால்நடை மருத்துவமனை பக்கத்தில் இல்லை. ராத்திரி கூப்பிட்டாலும் வரும் மருத்துவர் ஒருவரை, பெட்டை சினையாகும் முன்பே பேசி வைக்க வேண்டும். இரண்டாவது, வருஷக் கணக்கு. ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து ஈற்று முடியும்போது ஸ்பிட்ஸ் பெட்டைக்கு ஆறேழு வயதுதான் ஆகியிருக்கும். நன்றாக வளர்த்தால் பன்னிரண்டு வயதைத் தாண்டியும் வாழும். குட்டி போடாத அந்த ஐந்தாறு ஆண்டுகளுக்கான சோறு, தடுப்பூசி, படுக்க இடம் எல்லாம் முதல் குட்டிக்கு விலை சொல்லும்போதே கணக்கில் இருக்க வேண்டும்.