மடைக்குடும்பர் வீட்டுப் பேரன்

எங்கள் தாத்தா மடைக்குடும்பர். சிவகங்கைச் சீமையில் ஒரு கண்மாய்ப் பாசன ஊர் எங்களுடையது. எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு தண்ணீர் என்பது அவர் கையில் இருந்தது. மடையின் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே மூழ்கி, குமிழியின் அடைப்பைத் தூக்கிவிட்டு மேலே வர அவருக்கு ஒரு மூச்சு போதும் என்பார் அப்பத்தா. முதுகில் ஒட்டிய பாசியோடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் வழியே நடப்பார். வயல் வயலாக வாமடை வெட்டி, கடைமடை நனைந்த பிறகுதான் வீடு திரும்புவார். அதே கையால் ஊருணியில் ஒரு குடம் மொள்ள முடியாது. யாராவது மனசு வைத்து ஊற்றினால் ஏந்திக்கொள்ளலாம்.

இந்த இரண்டையும் நெடுநாள் தனித்தனியாகத்தான் நினைத்திருந்தேன். வாத்தியார் வேலையில் இருந்து ஓய்வுபெற்றுப் பழைய சங்கதிகளைக் கிளற ஆரம்பித்த பிறகுதான் இரண்டும் ஒரே ஏற்பாடு என்று பிடிபட்டது. ஆயக்கட்டில் நிலம் உள்ளவனிடம் மடையைக் கொடுத்தால் அவன் வயல்தான் முதலில் நனையும். அண்ணன் தம்பியே ஒருவரை ஒருவர் நம்ப மாட்டார்கள். ஆகவே ஒரு செண்டுகூட இல்லாத ஆள் வேண்டும். நிலக்காரர் எவரோடும் கொள்வினை கொடுப்பினை இல்லாதவனாகவும், தப்புச் செய்தால் சாவடியில் நிறுத்திக் கேட்கக்கூடியவனாகவும் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் அப்படிப்பட்டவர்கள்தான் இருந்தார்கள்.

கூலி என்று ஒன்று கிடையாது. அறுப்பில் அரிக்கட்டு, களத்தில் சில மரக்கால் நெல். அந்தக் களத்துப் பங்குக்கு ஊர் வைத்திருந்த பெயர் சுதந்திரம். பழைய வருவாய்க் கணக்குகளிலும் அதே சொல்தான். 1947-ல் அப்பா பள்ளிக்கூடத்தில் இருந்து ஓடிவந்து, "சுதந்திரம் வந்திருச்சு" என்று கத்தியபோது, "எத்தனை மரக்கால்?" என்று தாத்தா கேட்டாராம். அப்பா கட்டிவிட்ட கதையாகவும் இருக்கலாம். அவருக்கு அந்தக் குசும்பு உண்டு.

மராமத்துக்கும் ஒரு முறை இருந்தது. கோடையில் தமுக்கடித்துச் சொல்வார்கள்: வீட்டுக்கு ஓர் ஆள், மண்வெட்டியோடு கரைக்கு வரணும். நிலக்காரர் வீட்டு ஆள் என்று வந்து நிற்பவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பண்ணையாள். அவர் வெட்டிய மண் நிலக்காரர் கணக்கில் ஏறும். அம்பலக்காரர் குடையோடு கரைமேல் நிற்பார். மழைக்காலத்தில் கரை கசிந்தால் ராத்திரியில் எங்கள் தெருவைத்தான் முதலில் எழுப்புவார்கள்.

இன்றைக்குக் குடிமராமத்து என்றதும் ஊரே ஒரு மனசாகக் கூடி வாழ்ந்த காலம் ஒன்றைக் கண்முன் கொண்டுவருகிறார்கள். 2017-ல் அரசு 100 கோடி ரூபாயில் அந்தப் பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கியபோது மேடைதோறும் இந்தப் பேச்சுத்தான். அந்தக் குடி யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் வருகிறது. அந்த வாரியங்களில் உட்காரக் குடவோலையில் பெயர் போட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் இறைநிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிரமதேய ஊர். ஏரிக்குள் இறங்கித் தூர் வாரியவனுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது.

வெள்ளைக்காரன் இந்த வழக்கத்தை அப்படியே சட்டமாக எழுதினான். 1858-ல் வந்த சென்னை கட்டாய உழைப்புச் சட்டப்படி, வெள்ளத்தில் கரை உடையும் ஆபத்து என்றால் அக்கம்பக்கத்தில் உள்ள உடல்வலுவுள்ள உழைக்கும் வகுப்பு ஆண்களை வேலைக்குக் கூப்பிடலாம். கரைக்குக் கீழே யாருடைய நெல் நிற்கிறது என்பதற்கும் யாரைக் கூப்பிடலாம் என்பதற்கும் அதில் சம்பந்தம் இல்லை.

ஊர் கூடினால் கரைதான் கட்டும் என்பதும் இல்லை. 1930-ம் ஆண்டுக் கடைசியில் ராமநாதபுரம் பக்கத்து நாட்டார் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். நகை கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது. மறு ஆண்டு ஜூனில் அது பதினொன்றானது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தன் நூலில் அவற்றைப் பதிந்திருக்கிறார். அதில் ஒன்றைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் தங்கள் நிலத்தை மிராசுதாரருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். மறுத்தால் அந்த நிலத்துக்குத் தண்ணீர் கிடையாது. இதுவும் ஊர் ஒற்றுமைதான். தாத்தா போன்ற ஒருவர்தான் அந்த வாமடையை அடைக்க அனுப்பப்பட்டிருப்பார்.

ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்தது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் பொதுப்பணித்துறைக்கும் சிறியவை ஊராட்சி ஒன்றியத்துக்கும் போயின. கண்மாய் கெட்டதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். பாதி சரி. எங்கள் ஊரில் இன்னொரு காரணமும் சொல்வார்கள்: "அவங்க ஆளுக வேலையை விட்டாங்க, கண்மாய் போச்சு." அதுவும் சரிதான்.

விட்டவர் என் அப்பா. தாத்தாவுக்குப் பிறகு மடை அவரிடம் வந்தது. அம்பலக்காரரின் பேரன், பத்து வயது இருக்கும், தாத்தாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். மேல்துண்டைத் தோளில் இருந்து இறக்காமல் சாவடிக்குப் போய், "ஏக்கருக்கு இவ்வளவுன்னு ரூபாயாக் குடுத்துருங்க. அரிக்கட்டு வேண்டாம்" என்றார். பார்ப்போம் என்றார்கள். அந்த வருசம் நிலக்காரர்களே முறை வைத்துப் பாய்ச்சினார்கள். மூன்றாம் முறைக்குள் மடைமேல் அரிவாளோடு காவல் இருக்க வேண்டியதாயிற்று. கடைமடை கருகியது. அடுத்த வருசம் ரூபாய் தரச் சம்மதித்து ஆள் விட்டார்கள். அப்பா அதற்குள் மதுரையில் மில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். குமிழி இருந்த இடத்தில் இரும்பு ஷட்டர், திருகி ஏற்றும் கைப்பிடியோடு. அந்தக் கைப்பிடியைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம். பாசனச் சங்கத் தலைவர் வீட்டில் இருக்கட்டும் என்றபோது மேலத்தெருக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லையாம். அவர்களிடம் கொடுக்கக் கீழத்தெரு சம்மதிக்கவில்லை. இப்போது அது பஸ் நிறுத்தத்து டீக்கடையில், பால் கேன்களுக்குப் பின்னால் சாக்கில் சுற்றிக் கிடக்கிறது. கடைக்காரர் வெளியூர். இங்கே அவருக்கு நிலமும் இல்லை, சொந்தமும் இல்லை.