எண்ணத் தெரிந்த சின்னப் பெட்டி

மீடிறன் என்றால் ஒரு செக்கனில் நிகழும் அலைவுகளின் எண்ணிக்கை. வகுப்பில் நாங்கள் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறோம். ஆனால் வானொலி அலைகளை உண்மையாகவே எண்ணிப் பார்க்க மனிதன் பல பத்தாண்டுகள் காத்திருந்தான்.

டைட்டானிக் மூழ்கிய 1912ஆம் ஆண்டிலேயே அமெரிக்கா ஒரு வானொலிச் சட்டம் இயற்றியது. பொழுதுபோக்கு வானொலியாளர்களுக்கு 200 மீற்றரும் அதற்குக் குறைந்த அலைநீளங்களும்தான் என்றது. பெரிதாகப் பயனில்லை என்று அன்று நினைத்த அலைகள் அவை. 1923 நவம்பரில் அமெரிக்காவின் பிரெட் ஷ்னெல்லும் பிரான்சின் லெயோன் தெலுவாவும் சுமார் 100 மீற்றரில் அத்லாந்திக்கைத் தாண்டித் தொடர்புகொண்டார்கள். பிறகென்ன, எல்லோருக்கும் அந்த அலைகள் வேண்டும்! 1927 வாஷிங்டன் மாநாடு பொழுதுபோக்காளருக்குக் குறுகிய பட்டைகளை மட்டும் பிரித்துக் கொடுத்தது.

வேலி நெருங்கினால் அளவுகோல் வேண்டும். எல்லை மீறினால் அனுமதிப்பத்திரத்துக்கே ஆபத்து. அன்று கையில் இருந்தது சுருளும் மாறும் கொள்ளளவியும் கொண்ட அலைமானி. பரிவு ஏற்படும்போது சிறு மின்குமிழ் ஒளிரும். கிடைப்பது அண்ணளவான விடைதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க இராணுவத்தின் பிசி-221 மீடிறன்மானி பழைய சாமானாக விற்பனைக்கு வந்தது. ஒவ்வொரு கருவிக்கும் அதற்கென்றே தயாரித்த அளவீட்டுப் புத்தகம் உண்டு. புத்தகம் தொலைந்தால் கருவியால் பெரிய பயனில்லை.

இவையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தவை, எண்ணியவை அல்ல. 1950களின் தொடக்கத்தில் வந்த ஹியூலெற் பக்கார்ட் 524ஏ, செக்கனுக்கு 1 கோடி அலைவுகள் வரை எண்ணியது. வால்வுகள் நிறைந்த அந்தப் பெட்டி ஆய்வுகூடங்களுக்கே உரியது. ஒருங்கிணைந்த சுற்றுகள் மலிந்த பிறகுதான் பற்றரியில் இயங்கும் கையடக்க எண்ணிகள் சாதாரண ஆர்வலருக்குக் கிடைத்தன. அனுப்பியின் அன்ரனாவுக்கு அருகே பிடித்தால் போதும், திரையில் இலக்கங்கள் வந்து நிற்கும்.

ஆனால் அந்த "ஒரு செக்கன்" எவ்வளவு நேரம் என்று கருவிக்குச் சொல்வது உள்ளே இருக்கும் குவாட்ஸ் பளிங்கு. அது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால், 145 மெகாஹேர்ட்ஸில் 145 ஹேர்ட்ஸ் பிழை. அதனால் கவனமான ஆர்வலர்கள், 1923 முதல் நியம மீடிறன்களை ஒலிபரப்பிவரும் அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூவீ போன்ற நிலையங்களோடு ஒப்பிட்டுத் தங்கள் பளிங்கைத் திருத்துகிறார்கள்.

திரையில் எட்டு இலக்கங்கள் தெரிந்தால் எட்டும் சரி என்று நம்பிவிடுகிற காலம் இது. அளக்கும் கருவியையும் அளந்து பார்க்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்தான்.