பதினாறு மாதங்களும் ஆறு மணி நேரமும்



மொராக்கோவின் வடமுனையில் உள்ள தான்ஜியர் நகரிலிருந்து புனித மக்கா, நேர்கோட்டில் ஏறத்தாழ 4,700 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இன்று அந்நாட்டு ஹாஜிகள் காஸாபிளாங்காவில் விமானம் ஏறினால், சுமார் 6 மணி நேரத்தில் ஜித்தாவில் இறங்கிவிடுகின்றனர். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இத்தொலைவைக் கடந்த ஓர் இளைஞரின் வரலாறு நம் சிந்தனைக்குரியது.

ஹிஜ்ரி 725, ரஜப் பிறை 2 அன்று (14.6.1325) இப்னு பதூதா (ரஹ்) ஹஜ்ஜை நாடித் தான்ஜியரிலிருந்து புறப்பட்டார். வயது 21. துணைக்கு எவருமில்லை. உயிருடன் இருந்த பெற்றோரைப் பிரிவது அவருக்குப் பெருந்துயராக இருந்தது.

வழியில் ஒரு பயணக் கூட்டத்தாருடன் சேர்ந்துகொண்டார். காய்ச்சல் கண்டது. ஓய்வெடுக்குமாறு கூறியும் அவர் இணங்கவில்லை. பலவீனத்தால் விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டார். துனிஸ் நகரில் ஊரார் திரண்டு, வந்தவர்களுக்கு ஸலாம் கூறி வரவேற்றனர். அவரை அறிந்தவர் எவருமில்லாததால் அவருக்கு ஸலாம் கூறவும் ஆளில்லை. கண்ணீர் வடித்தார். அதைக் கண்ட ஹாஜி ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறித் தேற்றினார்.

எகிப்தைக் கடந்து செங்கடல் துறைமுகமான ஐதாப் வரை சென்றார். அங்கு மூண்டிருந்த போரில் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டிருந்தன. எனவே கெய்ரோவுக்குத் திரும்பி, டமாஸ்கஸ் சென்று, ஹஜ் காபிலாவுடன் மதீனா வழியாக 1326-ல் மக்காவை அடைந்தார். புறப்பட்டு ஏறத்தாழ 16 மாதங்கள் கழிந்திருந்தன.

ஹஜ் முடிந்ததும் அவர் ஊர் திரும்பவில்லை. பல நாடுகளைக் கண்டு 1349-ல் மொராக்கோவுக்கு மீண்டபோது 24 ஆண்டுகள் ஓடிவிட்டன. தந்தை வஃபாத்தாகி 15 ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதை அதற்கு முந்திய ஆண்டு டமாஸ்கஸில்தான் அறிந்தார். தாயாரோ, மகன் வந்து சேர்வதற்குச் சில மாதங்கள் முன்பு கொள்ளை நோயில் வஃபாத்தாகியிருந்தார். தான்ஜியருக்குச் சென்ற மகனுக்கு ஸியாரத் செய்யத் தாயின் கப்ரு மட்டுமே இருந்தது.

அன்பானவர்களே! தொலைவு அன்றும் இன்றும் ஒன்றே. கடக்கும் நேரம்தான் சுருங்கியுள்ளது. துபையிலிருந்து சென்னை சுமார் 2,900 கிலோமீட்டர். விமானத்தில் 4 மணி நேரம். பிழைப்புக்காக வளைகுடா சென்ற நம் பிள்ளைகளுக்கு விடுப்பும் பயணச் செலவும் எளிதில் அமைவதில்லை என்பது உண்மையே. ஆனால், வசதி இருந்தும் "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவோரும், பக்கத்துத் தெருவிலேயே இருந்தும் பெற்றோரின் வாசலை மிதிக்காதோரும் நம்மிடையே இல்லையா? மிச்சமான நேரமும் அல்லாஹ் அளித்த நிஃமத்தே. அதற்கும் மறுமையில் கேள்வி உண்டு.

பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே அவர்களின் முகம் கண்டு பணிவிடை செய்யும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.