தொலைதூர விமான நிலையங்கள்: வரைபடத்தின் தூரமும் உண்மையான பயண நேரமும்

இரண்டு விமான நிலையங்களின் பெயர்களை இணையத்தில் தட்டினால், இடையே எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று நொடியில் விடை வந்துவிடுகிறது. பெரிய நகரங்களுக்கு அந்த விடை ஓரளவு பொருந்தும். ஒதுக்குப்புறத் தீவுகளுக்கோ அதை நம்பிப் பயணத் திட்டம் போட்டால் நாம் ஏமாந்துபோவோம். ஏன் என்று பார்ப்போம்.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது?

பூமி உருண்டை என்பதால், அதன் மேற்பரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டை முதலில் அளக்கிறார்கள். அதை விமானத்தின் வேகத்தால், அதாவது மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டரால் வகுக்கிறார்கள். ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்க்கிறார்கள். அந்த வழியில் விமானம் ஓடுகிறதா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

இரண்டு நிமிடப் பயணம்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஓர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு சிறு தீவுகள் உள்ளன. அவற்றின் விமான நிலையங்களுக்கு இடையே 2.7 கிலோமீட்டர்தான். 1967 முதல் இங்கே சிறிய விமானம் பறக்கிறது. பயணம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். காற்று சாதகமாக இருந்த ஒரு நாளில் 53 வினாடிகளில் முடிந்திருக்கிறது. உலகின் மிகக் குறுகிய பயணிகள் விமானச் சேவை இதுதான். ஆசிரியர்களும் மருத்துவர்களும் நோயாளிகளும் இதில் போய்வருகிறார்கள்.

ஏழரை மணியா, ஒரு வாரமா?

இப்போது தெற்கு அட்லாண்டிக் கடலுக்கு வருவோம். பாக்லாந்துத் தீவின் மவுண்ட் பிளசன்ட் நிலையத்திலிருந்து செயின்ட் ஹெலினா தீவுக்குச் சுமார் 6,100 கிலோமீட்டர். கணக்குப்படி ஏழரை மணி நேரம் போதும். ஆனால் நேரடிப் பயணிகள் விமானம் கிடையாது. சிலியின் புன்டா அரீனாஸ், சான்டியாகோ, பிரேசிலின் சாவோ பாலோ, தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் என்று சுற்றிப்போனால் 16,000 கிலோமீட்டரைத் தாண்டும். சிலிக்குச் செல்லும் விமானமும், செயின்ட் ஹெலினாவுக்கான வழக்கமான விமானமும் சனிக்கிழமைகளில்தான். எனவே ஒரு சனிக்கிழமை புறப்பட்டவர் அடுத்த சனிக்கிழமைதான் போய்ச்சேர முடியும்.

இதற்கே அத்தீவு மக்கள் நெடுங்காலம் காத்திருந்தார்கள். குன்றின் மேல் கட்டிய விமான நிலையம் 2016-லேயே தயாரானது. ஆனால் ஓடுபாதையருகே காற்று திடீர் திடீரென்று திசை மாறியதால் பெரிய விமானங்கள் இறங்குவது சிக்கலாயிற்று. 2017 அக்டோபரில்தான் வாராந்திரச் சேவை தொடங்கியது. அதுவரை கேப் டவுனிலிருந்து கப்பலில் ஐந்து நாட்களுக்கு மேல் ஆகும். தீவில் சிகிச்சை இல்லாத நோய் வந்தவர்களுக்கும் அந்தக் கப்பல்தான் வழி.

நாம் கவனிக்க வேண்டியவை

இத்தகைய இடங்களுக்குச் செல்வோர் தூரத்தைக் கேட்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். நேரடி விமானம் உண்டா? வாரத்தில் எந்தெந்த நாட்களில்? அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது? வானிலையால் தாமதமாகலாம் என்பதால் ஓரிரு நாட்களைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது நல்லது. இடையில் இறங்கும் நாடுகளின் விசா விதிகளையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிலோமீட்டர் மாறுவதில்லை. நாம் போய்ச்சேரும் நாளை முடிவுசெய்வது விமான அட்டவணைதான்.