பாஸ்போர்ட்டில் ஒரு சிவப்பு எழுத்து

வங்கித் தொழிலில் பழைய தேதி போட்டு ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டால் வேலை போய்விடும். இருபது வருஷத்துக்கு மேல் இதே தொழிலில் குப்பை கொட்டும் எனக்கு, அதே காரியத்தைச் செய்து வேலையை இழந்த ஒரு போலீஸ் அதிகாரி மேல் பெரிய மரியாதை உண்டு. நான் பி.காம். படித்தவன், சரித்திர வாத்தியார் இல்லை. ஆனாலும் இந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. வியன்னாவில் யூதர்களின் கடைகளையும் வீடுகளையும் பிடுங்கினார்கள். உயிர் தப்ப நினைத்தவர்களுக்குப் பக்கத்தில் இருந்த நாடு சுவிட்சர்லாந்து. ஆயிரக்கணக்கில் வந்தார்கள்.

சுவிஸ் அரசுக்கு இது தலைவலியாகப் போயிற்று. ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் விசா கட்டாயம் என்று வைக்கலாமா? அங்கே அந்நியர் விவகாரப் போலீஸின் தலைவராக இருந்த ஹைன்ரிஷ் ரோத்முண்ட் முதலில் கேட்டது அதைத்தான். ஜெர்மனி ஒப்புக்கொள்ளவில்லை. அப்படியானால் யூதர்களை மட்டும் எப்படிப் பிரிப்பது? பாஸ்போர்ட்டைப் பார்த்தால் யார் யூதர் என்று தெரியாதே!

பேச்சுவார்த்தையில் வழி பிறந்தது. 1938 செப்டம்பர் 29-ல் பெர்லினில் ஒப்பந்தம். அக்டோபர் 5-ல் ஜெர்மனியின் ஆணை: யூதர்களின் பாஸ்போர்ட்டுகள் செல்லாது, சிவப்பு 'ஜே' எழுத்து குத்திய பிறகே செல்லும். அந்த எழுத்து இருந்தால் சுவிட்சர்லாந்துக்குள் நுழைய முன்அனுமதி வேண்டும். மற்ற ஜெர்மானியர் வழக்கம்போல வரலாம்.

இதில் இன்னொரு கொடுமை. நாஜி சட்டத்தில் ஒருவர் யூதரா என்பதை முடிவு செய்தது அவருடைய நம்பிக்கை அல்ல, தாத்தா பாட்டியின் மதம். ஞானஸ்நானம் வாங்கிக் கிறிஸ்தவர் ஆனவருக்கும் அந்த முத்திரைதான்.

சரி, நம் போலீஸ் அதிகாரிக்கு வருவோம். பெயர் பவுல் குரூனிங்கர். எல்லையோர மாநிலமான செயின்ட் காலனின் போலீஸ் தலைவர். 1938 ஆகஸ்டில் விசா இல்லாத அகதிகளுக்கு எல்லை மூடப்பட்டது. அதன் பிறகு வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. இவர் என்ன செய்தார் தெரியுமா? அவர்கள் அதற்கு முன்பே வந்துவிட்டதாகப் பழைய தேதி போட்டுப் பதிவு செய்தார். பல நூறு பேர் உள்ளே வந்தார்கள், பிழைத்தார்கள்.

1939-ல் அவருடைய வேலை போனது. 1940-ல் நீதிமன்றம் குற்றவாளி என்றது. அபராதம் விதித்தது. பென்ஷனும் போயிற்று. வறுமையிலேயே வாழ்ந்து 1972-ல் இறந்தார். அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது 1995-ல். அந்த 'ஜே' முத்திரைக்காக சுவிஸ் அதிபர் மன்னிப்புக் கேட்டதும் அதே வருஷம்தான்.

1951-ல் உருவான ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையின் 3-வது பிரிவு, இனம், மதம், பிறந்த நாடு பார்த்து அகதிகளிடம் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. நம்முடைய 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளையும் ஆறு மதங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த நாடுகளில் இலங்கை இல்லை, மதங்களில் இஸ்லாம் இல்லை. ஹிட்லர் காலத்து முத்திரையும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அது உயிருக்கு ஓடி வந்தவரைத் துரத்த உதவியது, இது சிலருக்குக் கதவு திறக்கிறது. ஆனால் கதவருகே நின்று மதத்தைக் கேட்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

நாமும் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள். ரேஷன் கார்டு, பள்ளிக்கூட அட்மிஷன், வீட்டு வாடகை என்று எத்தனையோ படிவங்களை நிரப்பியிருப்போம். 'மதம்' என்று ஒரு கட்டம் வந்தால், இது எதற்கு என்று ஒரு நிமிஷம் கேட்டுப் பாருங்கள். உதவித்தொகை, சலுகை என்று நல்ல காரணமும் இருக்கலாம். சிவப்பு 'ஜே' குத்திய குமாஸ்தா யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. பாஸ்போர்ட்டை வாங்கினார், குத்தினார், திருப்பிக் கொடுத்தார். அவர் கணக்கில் அன்றைய வேலை சரியாக முடிந்தது. கணக்கில் தப்பு செய்தவர் குரூனிங்கர் ஒருவர்தான்.