மடி நாயும் மழலையும்

"குழந்தை இருக்கிற வீடு. பெரிய நாயெல்லாம் வேண்டாம். சின்னதா ஒரு பொமரேனியனோ பக்கோ வாங்கிக்கலாம்."

நாய்க்குட்டி கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைகளிடம் நம் ஊர் அப்பாக்கள் கடைசியில் இறங்கி வருகிற இடம் இதுதான். சின்ன நாய் என்றால் சின்ன ஆபத்து! பலர் மனதிலும் இருக்கிற கணக்கு இது.

இந்தக் கணக்கு சரியா? சின்ன நாய்கள் வீட்டுக்குள் வந்த கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். இவற்றில் பெரும்பாலானவை பெரியவர்களின் மடிக்காக உருவாக்கப்பட்டவை. குழந்தையின் கைக்காக அல்ல. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் பத்திரமாக வைத்திருக்க மனிதன் கற்றுக்கொண்டதெல்லாம் மிகவும் தாமதமாகத்தான். அதுவும் ஒவ்வொன்றாக அடிபட்டுத்தான்.

ஏதென்ஸின் குட்டிக் குடுவைகள்

கி.மு. 5-ம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில், வசந்த காலத்தில் மது தெய்வமான டயோனிசஸுக்கு ஒரு திருவிழா நடக்கும். அந்த விழாவோடு தொடர்புடைய சின்னச் சின்ன மண் குடுவைகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் தவழும் குழந்தைகளும் பொம்மை வண்டிகளும் தீட்டப்பட்டிருக்கின்றன. கூடவே புசுபுசுவென்று வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரு குட்டி நாய்! அந்தக் காலத்துக் குழந்தைகளின் கல்லறைக் கற்களிலும் இதே நாயைப் பார்க்கலாம். மெலிட்டா என்ற இடத்தின் பெயரால் இதை அழைத்தார்கள்.

ஆக, குழந்தையும் குட்டி நாயும் ஒன்றாக இருக்கும் காட்சி 2,400 வருடப் பழசு. ஆனால் ஓவியத்தில் இருப்பது ஒரு நொடிதான். அடுத்த நொடியில் குழந்தை அந்த வாலைப் பிடித்து இழுத்தால் என்ன நடந்தது என்பதை எந்தக் குடுவையும் காட்டவில்லை.

ராஜா வீட்டுப் பிள்ளைகள்

1637-ல் வான் டைக் என்ற ஓவியர் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் 5 பிள்ளைகளை ஒரே படத்தில் வரைந்தார். நடுவில் 7 வயது இளவரசர் சார்லஸ். அவருடைய கை ஒரு பிரம்மாண்டமான மாஸ்டிஃப் நாயின் தலைமேல் இருக்கிறது. வலது ஓரத்தில் ஒரு வயது கூட ஆகாத இளவரசி ஆன். அந்தப் பக்கத்தில்தான் ஒரு சின்ன ஸ்பேனியல் நாய் நிற்கிறது. பெரிய நாய் பெரிய பிள்ளைக்கு, சின்ன நாய் சின்னப் பிள்ளைக்கு என்று அன்றைக்கே பிரித்துவிட்டார்கள் போலிருக்கிறது! அந்த 7 வயதுப் பையன்தான் பின்னாளில் இரண்டாம் சார்லஸ் மன்னர். சின்ன ஸ்பேனியல்கள் மீது அவருக்கிருந்த மோகத்தால்தான் அந்த இனத்துக்கே 'கிங் சார்லஸ் ஸ்பேனியல்' என்று பெயர் வந்தது.

அதே இனத்தைச் சேர்ந்த 'டேஷ்' என்ற நாய் 1833-ல் விக்டோரியாவிடம் வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு 13 வயது. டேஷுக்குச் சிவப்புச் சட்டையும் நீலக் கால்சட்டையும் போட்டு அழகு பார்த்தார். 1838-ல் ராணியாக முடிசூட்டிக்கொண்டு அரண்மனைக்குத் திரும்பியதும், போய் டேஷைக் குளிப்பாட்டினார் என்பது பிரபலமான கதை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரண்மனையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு கூட்டம், நாயைப் பார்த்துக்கொள்ள இன்னொரு கூட்டம். சீனாவில் பெக்கிங் அரண்மனை நாய்களை வளர்க்கவும் தனி ஆட்கள் இருந்தார்கள். அது மட்டுமா? விக்டோரியாவுக்கு வயது 13, 3 அல்ல! நாய் முறைத்தால் விலகிப் போக வேண்டும் என்று தெரிந்த வயது அது.

சுருங்கிப் போன பொமரேனியன்

இன்றைக்குக் கைப்பைக்குள் அடங்கும் பொமரேனியன் ஒரு காலத்தில் நல்ல வாட்டசாட்டமான நாய். 1777 வாக்கில் கெய்ன்ஸ்பரோ வரைந்த பொமரேனியன் ஓவியத்தைப் பார்த்தால், இதுவா அது என்று தோன்றும்.

1888-ல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகருக்குப் போன விக்டோரியா ராணி, 'மார்க்கோ' என்ற பொமரேனியனை வாங்கி வந்தார். எடை சுமார் 5.5 கிலோதான். 1891-ல் லண்டனில் நடந்த முதல் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் ராணியின் பொமரேனியன்களும் கலந்துகொண்டன. ராணி வைத்திருந்தால் ஊரே வைத்திருக்க ஆசைப்படும் அல்லவா? கிராக்கி ஏறியது. இன்னும் சின்னதாக, இன்னும் சின்னதாக என்று வளர்ப்பவர்கள் தேர்ந்தெடுத்துக் கலந்தார்கள். இன்றைய அமெரிக்கத் தர அளவுப்படி பொமரேனியனின் எடை ஏறக்குறைய 1.4 முதல் 3.2 கிலோவரைதான். அதாவது பிறந்த குழந்தையின் எடை!

உடம்பு இப்படிச் சுருங்கியதற்கு மரபணுவில் காரணம் இருக்கிறது. வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஐ.ஜி.எஃப்.1 என்ற மரபணுவின் ஒரு வடிவம் சிறு ரக நாய்களிடம் பரவலாக இருப்பதை 2007-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ஆனால் சுருங்கியது உடம்புதான். தன் தட்டைக் காப்பாற்றுவது, தூக்கத்தில் தொட்டால் சீறுவது, பயந்தால் கடிப்பது எல்லாம் ஓநாய்க் குடும்பத்துச் சொத்து. அவை அப்படியே இருக்கின்றன.

எலும்பு மட்டும் மெலிந்துவிட்டது. சிவாவா, பொமரேனியன் போன்ற நாய்களுக்கு முன்னங்கால் எலும்பு மிகவும் மெல்லியது. சோபாவிலிருந்து குதித்தோ குழந்தையின் கையிலிருந்து நழுவியோ விழுந்து கால் முறிவது கால்நடை மருத்துவர்களுக்குப் பழக்கமான கேஸ். பல சிவாவாக்களுக்கு உச்சந்தலையில் மனிதக் குழந்தைக்கு இருப்பது போலவே எலும்பு மூடாத மெல்லிய இடம் ஒன்று இருக்கும். குழந்தையிடமிருந்து இந்த நாயைக் காப்பாற்றவும் ஓர் ஆள் வேண்டும்.

ஒரு பையனும் 13 ஊசியும்

ராணி மார்க்கோவை வாங்குவதற்கு 3 வருடம் முன்னால், 1885 ஜூலை 6-ம் தேதி, அல்சேஸ் பகுதியிலிருந்து ஒரு தாய் தன் 9 வயது மகனைக் கூட்டிக்கொண்டு பாரிஸுக்கு வந்தார். பையன் பெயர் ஜோசப் மெய்ஸ்டர். இரண்டு நாள் முன்னால் நாய் கடித்து உடம்பில் பல காயங்கள். கடித்தது எங்கோ திரிந்த நாய் அல்ல, ஒரு மளிகைக்காரரின் வளர்ப்பு நாய். லூயி பாஸ்டர் தயாரித்திருந்த மருந்து 13 ஊசிகளாகப் போடப்பட்டது. பையன் பிழைத்தான். வெறிநாய்க்கடிக்கு மனிதன் கண்ட முதல் வெற்றி இது.

இந்த நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய முடியாத காரியம், அன்றும் இன்றும். பிரிட்டனில் 1890-களின் கடைசியில் நாய்களுக்கு வாய்ப்பூட்டு கட்டாயமாக்கப்பட்டபோது, நாய் வளர்ப்பவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆனாலும் அரசு விடவில்லை. 1902-ல் அந்தத் தீவிலிருந்து நோய் விரட்டப்பட்டது. முதல் உலகப் போர்க் காலத்தில் மறுபடி நுழைந்து, 1922-ல் மீண்டும் ஒழிக்கப்பட்டது.

அதே 1902-ல் நம் நீலகிரியில் வேறு கதை. லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண் வெறிநாய்க்கடி நோயால் இறந்துபோனார். அன்று ஊசி கிடைத்த இடம் வடக்கே இமயமலைப் பக்கம் கசௌலி. தெற்கே எதுவும் இல்லை. அந்த மரணம் எழுப்பிய கேள்வியும் ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் தந்த நன்கொடையும் சேர்ந்து 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் உருவானது.

"தொப்புளைச் சுற்றி 14 ஊசி" என்று நம் பாட்டிமார் பயமுறுத்துவார்களே, அது கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-ல் உருவாக்கிய மருந்து. ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்டது. அரிதாகச் சிலருக்கு நரம்புப் பாதிப்பையும் உண்டாக்கியது. 2004-ம் ஆண்டு இறுதியோடு இந்தியாவில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. இன்றைக்குக் கையில்தான் ஊசி, அதுவும் சில தவணைகள்தான். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள்.

"எங்க நாய் வீட்டை விட்டு வெளியே போகாது, அதுக்கு எதுக்கு ஊசி?" என்பவர்கள் உண்டு. மெய்ஸ்டரைக் கடித்ததும் வளர்ப்பு நாய்தான். வெறிநாய் என்று சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுபவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

கடிக்காத நாயாலும் குழந்தைக்குக் கெடுதல் வரலாம் என்பது 20-ம் நூற்றாண்டின் பாதியில்தான் தெரிந்தது. 1950-ல் ஹெலனர் வைல்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர், புற்றுநோய் என்று நினைத்து அகற்றப்பட்ட குழந்தைகளின் கண்களைப் பரிசோதித்தார். சிலவற்றில் இருந்தது புற்று அல்ல, நுண்ணிய புழு! 1952-ல் பால் பீவரும் அவருடைய சகாக்களும் நாய், பூனைக் குடலில் வாழும் டாக்ஸோகாரா புழுவின் இளம்பருவம் குழந்தைகளின் உடம்புக்குள் அலைந்து நோய் உண்டாக்குவதை விளக்கினார்கள்.

நாய்க்குட்டிக்கு இந்தப் புழு தாயின் வயிற்றிலேயே வந்துவிடும். அதன் முட்டை மலம் வழியாக மண்ணில் கலக்கும். மண்ணில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கும் குழந்தைக்குத் தொற்றும். நாய்க்குட்டிக்குச் சில வாரங்களிலேயே பூச்சி மருந்து கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

நம் ஊருக்கு வந்த கதை

நம் ஊரில் 'பொமரேனியன்' என்று செல்லமாக வளர்க்கப்படுபவற்றில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் நாய்களின் வழி வந்தவை. 1994-ல் வெளிவந்த 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' இந்திப் படத்தின் டஃபி நாய் இந்த இனத்தை இந்தியா முழுக்கப் பிரபலமாக்கியது.

அடுத்து 2003. ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகும் இடமெல்லாம் ஒரு பக் நாய் பின்னாலேயே போனது. அவ்வளவுதான்! பக் குட்டிகளுக்குக் கிராக்கி எகிறியது. குழந்தையும் குட்டி நாயும் என்ற அதே ஏதென்ஸ் காட்சி, இப்போது டிவியில். ஆனால் வாங்கியவை அரண்மனைகள் அல்ல. அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிற, இரண்டு அறை உள்ள வீடுகள்.

ஆய்வுகள் சொன்னது

2007-ல் அமெரிக்காவில் இலானா ரெய்ஸ்னரும் மற்றவர்களும், குழந்தைகளைக் கடித்த நாய்களின் கதைகளை அலசினார்கள். பழகிய குழந்தையை நாய் கடித்தது பெரும்பாலும் உணவையோ தன் பொருளையோ காப்பாற்றும்போது. அவற்றில் பல நாய்கள் அதற்குமுன் எந்தக் குழந்தையையும் கடித்ததில்லை. 2008-ல் வெளியான இன்னொரு ஆய்வு இனவாரியாக நாய்களின் ஆக்ரோஷத்தை ஒப்பிட்டது. முன்னணியில் நின்றவை டாக்ஸ்ஹண்ட், சிவாவா, ஜாக் ரஸ்ஸல் டெரியர். மூன்றும் சிறு ரகம்! கடியின் காயம் சிறியதாக இருக்கலாம். ஆனால் தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முகமும் சின்ன நாயின் வாயும் ஒரே உயரம்.

இன்னொரு வேடிக்கை. பல்லைக் காட்டி உறுமும் நாயின் படத்தைக் காட்டினால், சின்னஞ்சிறு குழந்தைகள் பலர் அது சிரிப்பதாகச் சொல்கிறார்கள் என்று கெர்ஸ்டின் மெய்ன்ட்ஸ் குழுவினரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. நாய் எச்சரிக்கிறது, குழந்தை கட்டிப்பிடிக்கப் போகிறது!

மிஞ்சும் பாடம்

இத்தனை வருட அனுபவத்தைச் சுருக்கினால் சில விதிகள்தான்.

• சின்னக் குழந்தையையும் நாயையும் தனியாக விடக் கூடாது. ஒரு நிமிடம்கூட. பெரியவர் அதே அறையில் இருக்க வேண்டும், கண்ணும் அங்கேயே இருக்க வேண்டும்.

• சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொடக் கூடாது. குழந்தை எட்டாத ஓர் இடம் நாய்க்கு வேண்டும்.

• குழந்தை நாயைத் தூக்கக் கூடாது. தரையில் உட்காரவைத்து, நாய் தானாக வந்தால் தடவச் சொல்லலாம்.

• வெறிநோய்த் தடுப்பூசியும் பூச்சி மருந்தும் தவறக் கூடாது. நாயைத் தொட்டபின் கை கழுவ வேண்டும்.

• கடித்தாலோ கீறினாலோ, எவ்வளவு சிறியதானாலும், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

• உறுமும் நாயை அடிக்கக் கூடாது. உறுமல்தான் அதன் கடைசி எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும்.

வான் டைக்கின் ஓவியத்தில் 5 குழந்தைகளும் 2 நாய்களும் இருக்கிறார்கள். பெரியவர்கள் யாரும் இல்லை. ஆனால் படத்துக்கு வெளியே தாதிகளும் வேலையாட்களும் இருந்தார்கள். இன்றைய வீட்டில் அந்த வேலையைச் செய்ய வேண்டியவர்கள் அப்பாவும் அம்மாவும்தான். சின்ன நாய் வாங்குவதா பெரிய நாய் வாங்குவதா என்பது அடுத்த கேள்வி. பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.